வேட்டியில் பாக்கெட் வைத்த ஆம்பியர் அங்கிள்

அமெரிக்காவிலேயே வேட்டிக்குப் பாக்கெட் தைத்துக்கொண்ட ஒரே தமிழர் எங்கள் ஆம்பியர் அங்கிள்தான். கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்வேன்.

தொண்ணூறுகளின் நடுவில், கலிஃபோர்னியாவின் மில்பிடாஸில் நான் அவருக்குப் பக்கத்து வீடு. வாரம் முழுக்க அவருக்கு சிப் கம்பெனி வேலை. சனி, ஞாயிறு வந்தால் கராஜில் பழைய வால்வு ரேடியோக்களோடு குடித்தனம். கார் பாவம், வெயிலில் நிற்கும்.

"கரண்ட் ஓடறப்ப ஒரு கைதான் வேலை செய்யணும். இன்னொண்ணு பாக்கெட்ல இருக்கணும். ரெண்டு கையும் வெச்சா ஷாக் நெஞ்சு வழியா போகும்யா!" என்பார். கராஜில் அவருக்கு வேட்டிதான் வசதி. வேட்டியில் ஏது பாக்கெட்? மனைவி சரோஜா ஆன்ட்டியைக் கெஞ்சி, இடது பக்கம் ஒன்று தைத்துக்கொண்டார்.

எந்த ரேடியோவையும் நேராக ப்ளக்கில் சொருக மாட்டார். நடுவில் ஒரு நூறு வாட் குண்டு பல்பை மாட்டுவார். ரேடியோவில் ஷார்ட் இருந்தால் பல்பு பளீரென்று எரியும், ரேடியோ பிழைக்கும். இந்திய ரேடியோக்களுக்காக, சென்னையிலிருந்து ஒரு டஜன் பல்புகளை வேட்டிகளுக்குள் சுருட்டிக் கொண்டுவந்தார். அமெரிக்காவில் பல்பு கிடைக்காதா என்று கேட்ட ஏர்போர்ட் அதிகாரியிடம், "எங்க ஊர் வோல்ட்டேஜை உங்க பல்பு தாங்காது" என்றாராம்.

நானோ எலெக்ட்ரானிக்ஸில் எம்.எஸ். படித்த மேதை. ஒருநாள் அவர் காபி குடிக்கப் போன நேரத்தில், கரண்ட் எவ்வளவு என்று பார்க்க மீட்டரை ஆம்பியரில் வைத்து, நேராகச் சுவர் ப்ளக்கிலேயே சொருகினேன். ஆம்பியரில் வைத்த மீட்டர் வெறும் கம்பி மாதிரி, அப்படியே ஷார்ட். டமால்! கராஜே இருட்டு. அங்கிள் திட்டவில்லை. செத்த மீட்டரைச் சுவரில் மாட்டி, பிளாஸ்டிக் மாலை போட்டார்.

அந்தச் சமயத்தில்தான் கும்பகோணத்திலிருந்து ஆன்ட்டியின் அப்பா வைத்திருந்த ரேடியோ வந்தது.

"அப்பா ஞாபகமா எனக்கு இருக்கிறது இது ஒண்ணுதான். இதுல புகை வந்துதோ, அன்னிக்கே உங்க கராஜைக் காலி பண்ணிடுவேன். சொல்லிட்டேன்!" என்றார் ஆன்ட்டி.

அங்கிள் ரேடியோவைக் கராஜுக்குத் தூக்கிக்கொண்டு போனார்.

"நேரா போட்டுப் பாருங்களேன் அங்கிள், ஒரு செகண்ட்தானே" என்றேன். அவர் மாலை போட்ட மீட்டரைக் காட்டினார்.

அமெரிக்காவின் 110 வோல்ட்டை நம்மூர் 230 ஆக்கும் ஸ்டெப்-அப் டிரான்ஸ்பார்மர், பல்பு, ஸ்விட்ச். பல்பு பளீரென்று எரிந்தது. ஷார்ட்! என் பேச்சைக் கேட்டிருந்தால் ரேடியோவும் போயிருக்கும், கராஜும் போயிருக்கும். ப்ளக்கை உருவிவிட்டு, இரண்டு வாரம் உட்கார்ந்து, கெட்டுப்போன கெப்பாசிட்டர்களை மாற்றினார்.

ஞாயிற்றுக்கிழமை மறுபரீட்சை. ஆன்ட்டி கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பல்பு ஒரு நொடி மின்னி, மங்கியது. ஷார்ட் இல்லை, பாஸ்! அணைத்துவிட்டு, பல்பை எடுத்து, அந்த இடத்தில் ஒரே ஒரு ஓம் அளவுள்ள ரெசிஸ்டரை வைத்து, அதன் இரு பக்கமும் புது மீட்டரை வோல்ட்டில் மாட்டிவிட்டு மறுபடி ஸ்விட்சைப் போட்டார்.

"இருநூறு மில்லிவோல்ட்! ஒரு ஓம்ல ஒரு வோல்ட்னா ஒரு ஆம்பியர், அப்படின்னா இது இருநூறு மில்லிஆம்பியர். கரெக்டா இழுக்குதுடா!" என்று கத்தினார்.

வால்வுகள் மெல்லச் சிவந்தன. கரகரப்பு. பிறகு கணீரென்று ஒரு அமெரிக்கக் குரல்: 880 ஃப்ரீவேயில் விபத்து, மூன்று மைலுக்கு வண்டிகள் நகரவில்லை.

டிராஃபிக் நியூஸ் கேட்டு ஒருவர் தேம்பித் தேம்பி அழுததை அன்றுதான் பார்த்தேன்.

"அப்பா ரேடியோ போட்டா இதே கரகரப்புதாங்க வரும்" என்றார் ஆன்ட்டி, கண்ணைத் துடைத்துக்கொண்டே.

அங்கிள் ரேடியோவை விட்டு இரண்டடி பின்னால் வந்தார். வேட்டிப் பாக்கெட்டிலிருந்து இடது கையை எடுத்து, ஆன்ட்டியின் கையைப் பிடித்துக்கொண்டார். ஸ்விட்ச் ஆனில் இருக்கும்போது அந்தக் கை வெளியே வந்தது அந்த ஒரு தடவைதான். அந்த மனுஷனை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.