கேமரா கண்ட ஆள்

பயத்துக்குக் கண் கிடையாது என்றுதான் நினைத்திருந்தேன். போன ஆனியில் நானே அதற்கு ஒரு கேமரா வாங்கி மாட்டினேன்.

சங்கரன்கோவிலில் எங்கள் வீட்டுக்கு மாடி எடுத்துக்கொண்டிருந்தோம். சிமெண்ட் மூட்டைகளுக்குக் காவலாக வாசலில் கேமரா. ஆள் வந்தால் ஆள், வண்டி வந்தால் வண்டி, விலங்கு வந்தால் விலங்கு என்று எனக்கும் மனைவி வள்ளிக்கும் போனில் படத்தோடு சொல்லிவிடும். (பார்த்ததும் எது எதுவென்று பிரித்துவிடும் என்று கடைக்காரர் சத்தியம் செய்தார்.)

அன்று கடையநல்லூரில் ஒரு கல்யாணம். திரும்பும் பஸ்ஸில் போன் சிணுங்கியது. ‘ஆள்.’ படத்தில், மாடிப்படி ஓரம் ஒருவன். கட்டம் போட்ட சட்டை. வெயிலில் முகம் வெறும் வெள்ளை. மறுபடி சிணுங்கியது. அதே ஆள், அதே இடம். கை மட்டும் சற்று உயர்ந்திருந்தது.

வீட்டில் வள்ளி தனியாக. அழைத்தேன்; எடுக்கவில்லை. வெளியே மலைக்காற்று பனைகளை உலுக்கியது, உள்ளே என்னை.

பக்கத்து சீட் அண்ணாச்சி எட்டிப் பார்த்தார். “நகராமலா நிக்கான்?”

“ஆமா அண்ணாச்சி.”

“திருட வந்தவன்னா எடுத்துட்டு ஓடிருவான் வே. இவன் வேற எதுக்கோ வந்திருக்கான்.”

(ஆறுதல் சொல்லத்தான் தொடங்கினார் என்று இன்றும் நம்புகிறேன்.)

வீட்டு கேட் உள்ளே பூட்டியிருந்தது. கூப்பிட்டால் அவன் உஷாராகிவிடுவான். வேட்டியை மடித்துக்கட்டி மதிலேறிக் குதித்தேன். (குதித்தேன் என்பது பெருமைக்கு. விழுந்தேன்.) எழுந்திருக்க முழங்கால் சம்மதிக்காமல் படியை நோக்கித் தவழ்ந்தேன். அவன் மெல்லத் திரும்பினான். சுண்ணாம்பு பூசிய மண்சட்டித் தலை. வைக்கோல் கை.

நான் கிளம்பியபின் கொத்தனார் கட்டிவிட்ட திருஷ்டி பொம்மை. கட்டுகிற வீட்டில் கண்படாமலிருக்க வைத்தது; முதலில் பட்டதே கேமராவின் கண். தலை, தோள், கால் தெரிந்தால் அதற்கு ஆள். உள்ளே உயிரா, வைக்கோலா என்று அது கேட்பதில்லை. அதை விடுங்கள், எனக்கு என்ன கேடு? அந்தக் கட்டம் போட்ட சட்டை என்னுடையது.

அப்போதுதான் தலையில் ஒரு வாளித் தண்ணீர் விழுந்தது.

“நீங்களா? நாயின்னுல்லா நெனச்சேன்” என்றாள் வள்ளி, காலி வாளியோடு.

“போனை ஏன் எடுக்கல?”

“மோட்டார் சத்தத்துல கேக்கல. இப்பத்தான் கையில எடுத்தேன், இது வந்துச்சு.”

போனை நீட்டினாள். மதிலடியில் கையும் காலும் ஊன்றி நான். கீழே ஒரே சொல்: ‘விலங்கு.’

மாடி முடிந்து பொம்மையையும் இறக்கியாயிற்று. இன்றும் கேட் சத்தம் கேட்டால் அடுக்களையிலிருந்து வள்ளி கேட்பாள்:

“வந்தது ஆளா, மத்ததா?”

பசி நேரத்தில் எதற்கு வம்பு. “மத்தது” என்கிறேன்.