மாமனார் படகில் நான் போட்ட ஓட்டை

மனைவி வெளிநாட்டில் வேலை பார்க்கும் ஆண்பிள்ளை கையில் ஸ்க்ரூ டிரைவரைக் கொடுக்கவே கூடாது. முதலில் பழுதானதைச் சரி செய்வான். பிறகு பழுதாகாததைச் சரி செய்வான். வீட்டில் கழற்ற எதுவும் மிச்சமில்லை என்றானதும் அடுத்தவர் பொருளைத் தேடிக் கிளம்பிவிடுவான். நான் அந்தக் கடைசிக் கட்டத்துக்கு வந்திருந்தபோது என் கண்ணில் பட்டது மாமனாரின் படகு.

அரசி ரியாத்துக்கு நர்ஸ் வேலைக்குப் போய் அப்போது ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. (முழுப் பெயர் தமிழரசி. கல்யாணமான புதிதில் முழுப் பெயரும் சொல்லித்தான் கூப்பிட்டேன், பயம்.) எனக்குக் கள்ளக்குறிச்சி துருகம் ரோட்டில் கடை. கார்களுக்கு ஸ்பீக்கர், டச் ஸ்கிரீன், ரிவர்ஸ் கேமரா, கலர் விளக்கு எல்லாம் மாட்டித் தருவேன். கடையில் இருக்கும்வரை ஒன்றும் தெரியாது. ஷட்டரை இறக்கிவிட்டு வீட்டுக்குப் போனால்தான் கஷ்டம். மிக்சியைக் கழற்றி மாட்டினேன். ஃபேனைக் கழற்றி மாட்டினேன். ஒருநாள் காலிங் பெல்லில் அவள் குரலை ஏற்றி, அழுத்தினால் "யாருங்க?" என்று கேட்கிற மாதிரி செய்தேன். வாசலில் நின்று நானே அழுத்தி அழுத்திக் கேட்டுக்கொண்டிருந்ததை எதிர்வீட்டுக்காரர் பார்த்துவிட்டார். அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பரவாயில்லை.

அந்த வாரம்தான் அரசி போனில் கேட்டாள். "நம்ம டேம்ல தண்ணி இருக்குதாங்க?"

"ரொம்பி வழியுதாம். உங்கப்பா சொன்னாரு."

"இங்க கொழாயத் தொறந்தா வர்றதுதான் தண்ணி. கண்ணு கொள்ளாத தண்ணியப் பாத்து எவ்ளோ நாளாவுது. நம்ம டேம்ல நடுவாண்ட போய் ஒக்காந்தா, கல்வராயன் மல அப்டியே தலகீழா தண்ணிக்குள்ள நிக்கும். அத ஒரு தடவ பாத்தா போதும்ங்க."

அவள் பிறந்து வளர்ந்தது கோமுகி அணையை ஒட்டின ஊரில். அப்பா அணையில் மீன் பிடிக்கிறவர். ரொம்ப காலம் பரிசல்தான் வைத்திருந்தார். எங்கேயோ மலைமேல் படகு சவாரி நடத்தி நொடித்துப்போன ஒருவரிடமிருந்து பழைய அலுமினியப் படகு ஒன்றை வாங்கி வந்தார். பெரிய சோப்பு டப்பா மாதிரி இருக்கும். குடும்பத்துக்குச் சோறு போட்டது அதுதான். அதில் இருந்த மொத்த எலக்ட்ரானிக்ஸ் ஒரே ஒரு டார்ச் லைட். அதுவும் தொடையில் ரெண்டு தட்டு தட்டினால்தான் எரியும்.

அந்தப் படகிலிருந்து அரசிக்கு அணையைக் காட்டுவது என்று முடிவு செய்தேன். சும்மா செல்லை நீட்டிக் காட்டினால் போதாதா என்று இப்போது நீங்கள் கேட்கலாம். அப்போது யாரும் கேட்கவில்லை.

மாமனார் தடுப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் என்னைவிட மோசமாக இருந்தார்.

"பாட்டு வருமா மாப்ள?"

"வரும் மாமா."

"செல்லு சார்ஜி போட்டுக்கலாமா?"

"போட்டுக்கலாம்."

அவர் குரலைத் தாழ்த்தினார். "தண்ணிக்குள்ள மீனு எங்க இருக்குதுன்னு காட்டற மிஷினு ஒண்ணு வந்திருக்குதாமே?"

அதுவும் வந்தது. கடையிலிருந்து பெரிய பேட்டரி, காருக்குப் போடுகிற ஸ்கிரீன், கல்யாண ஊர்வல ஜீப்பில் மாட்டும் அளவுக்கு ரெண்டு ஸ்பீக்கர், ஆம்ப்ளிஃபயர், சிக்னல் இழுக்க ஒரு ஆன்டெனா, ஓரமெல்லாம் நீல விளக்கு என்று எல்லாவற்றையும் வேனில் ஏற்றிக்கொண்டு போனேன். படகுக்கு ரிவர்ஸ் ஹாரன்கூட வைத்தேன். (படகு பின்னால் போகும்போது யார் குறுக்கே வரப்போகிறார்கள்? கெண்டை மீனா?) எல்லாம் மாட்டி முடித்தபோது மீன் வைக்க இடமில்லை. மாமனார் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மீன் காட்டும் மிஷினில் ஒரு சென்சார் உண்டு. அது எப்போதும் தண்ணீருக்குள் இருக்க வேண்டும். எனவே படகின் அடியில் ஓட்டை போட்டு, அதன் வழியே அதை இறக்கி, சுற்றிலும் பசை போட்டு அடைத்துவிடலாம் என்று தீர்மானித்தேன். கார் கதவில் எத்தனை ஓட்டை போட்டிருப்பேன்! டிரில்லிங் மிஷின் சத்தம் கேட்டு மாமியார் டீ டம்ளரோடு வந்தார்.

"இன்னா சத்தம் அது?"

"மாப்ள படகுல ஓட்ட போடறாரு," என்றார் மாமனார், பெருமையாக.

"படகுலயா?"

"ஆமா."

"அடியிலயா?"

"அடியிலதான் போடணுமாம்."

மாமியார் என்னைப் பார்த்தார். நான் டிரில்லிங் மிஷினைப் பார்த்தேன். "காஞ்சா கல்லு மாதிரி ஆயிடும் அத்த," என்றேன். டம்ளரை வைத்துவிட்டுப் போய்விட்டார். பசை காய ஒரு முழு நாள் விடவேண்டும் என்று டப்பாவில் எழுதியிருந்தது. மறுநாள் காலை வெள்ளிக்கிழமை, அரசிக்கு ஓய்வு நாள். அதனால் அவளுடைய ஹேர் டிரையரை எடுத்து அடித்துக் காயவைத்தேன்.

வெள்ளிக்கிழமை காலையில் மாமியாரும் கிளம்பி வந்தார், கல்யாணத்துக்குக் கட்டுகிற பட்டுப் புடவையில். "எம் பொண்ணு பாக்கும்போது நான் வூட்ல ஒக்காந்துகினு இருக்கணுமா?" மூன்று பேரும் ஏறினோம். நீச்சல் தெரியாதவன் நான் ஒருத்தன்தான். அதனால் எனக்கு மட்டும் ஒரு பழைய கார் டியூபை மாட்டிவிட்டார்கள்.

மாமனார் துடுப்புப் போட்டு நடுவுக்குக் கொண்டுபோனார். காற்றே இல்லை. அவள் சொன்ன மாதிரியே மலை தண்ணீருக்குள் தலைகீழாக நின்றது. அவளோடு சேர்ந்து பார்க்க வேண்டியதைத் தனியாகப் பார்ப்பதில் ஒரு திருட்டுத்தனம் இருக்கிறது. செல்லை ஸ்டாண்டில் மாட்டி, கேமராவை மலைப் பக்கம் திருப்பி, வீடியோ கால் போட்டேன்.

ஸ்கிரீனில் அவள் முகம் வந்தது. தூங்கி எழுந்த முகம். ஸ்பீக்கரில் சத்தம் முழுசாக வைத்திருந்தேன் என்பது எனக்கு ஞாபகம் இல்லை. அவளுக்குத் தெரிந்தது மலை மட்டும்தான். படகில் அப்பாவும் அம்மாவும் இருப்பது தெரியாது.

கொஞ்ச நேரம் மலையையே பார்த்தாள். பிறகு பேசினாள். அணை முழுக்கப் பேசினாள்.

"ஏங்க... முந்தாநாளு கனவுல வந்தீங்க. வந்து சும்மா ஒக்காந்துகினு இருந்தீங்க. பக்கத்துல வாங்கன்னு கூப்டறேன், வரவே மாட்டேங்கறீங்க. ஒரு முத்தங்கூட..."

மலையில் மோதி "முத்தங்கூட" திரும்பி வந்தது. தூரத்தில் பரிசலில் இருந்த ரெண்டு பேர் வலையை விட்டுவிட்டு எழுந்து நின்றார்கள். கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் சிரித்தது எங்கள் காதுவரை கேட்டது. மாமனார் வானத்தைப் பார்த்தார். மாமியார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். நான் வால்யூமைக் குறைக்கப் பாய்ந்ததில் கை தவறி ரிவர்ஸ் ஹாரன் சுவிட்சில் பட்டது. "கவனம்! வண்டி பின்னால் வருகிறது!" என்று அது அலற ஆரம்பித்தது.

அதே நேரத்தில் மீன் காட்டும் மிஷினில் ஒரு பெரிய உருவம் தெரிந்தது. படகைவிட நீளம்.

"யப்பா!" என்று மாமனார் வலையோடு எழுந்து நின்றார். படகு ஒரு பக்கமாகச் சாய்ந்து நிமிர்ந்தது. (அந்தப் பெரிய மீன் தண்ணீரில் மூழ்கிப்போன ஒரு பழைய புளியமரம் என்று பிறகு தெரிந்தது.) செல் ஸ்டாண்டோடு திரும்பி, கேமரா எங்கள் பக்கம் வந்துவிட்டது.

"ஐயோ, அம்மா! அப்பா! நீங்களும் இருக்கறீங்களா?" என்று அரசி முகத்தை மூடிக்கொண்டாள். மூடின விரல் இடுக்கு வழியாகப் பார்த்தவள் சட்டென்று கையை எடுத்தாள்.

"ஏங்க, அம்மா காலாண்ட இன்னா தண்ணி?"

நாங்கள் மூன்று பேரும் குனிந்து பார்த்தோம். மாமியாரின் பட்டுப் புடவைக் கரை மிதந்துகொண்டிருந்தது.

"நானும் அப்பத்திலேர்ந்து ஜில்லுனு இருக்குதேன்னு நெனச்சேன்," என்றார் மாமியார்.

சரியாகக் காயாத பசையோடு சென்சார் பிய்த்துக்கொண்டு போயிருந்தது. ஓட்டை வழியாகத் தண்ணீர் கொப்பளித்தது. நான் குதிகாலை வைத்து ஓட்டையை அழுத்திக்கொண்டேன். இடுப்பில் டியூபோடு அசைய முடியாமல், ஒரு காலை நீட்டி, பின்னால் சாய்ந்து உட்கார்ந்திருந்த அந்தக் கோலம் ரியாத் நர்ஸ் ஹாஸ்டல் வரைக்கும் தெரிந்தது. அவளுக்குப் பின்னால் நாலைந்து தலைகள் எட்டிப் பார்த்தன.

"அம்மா, வாளிய எடும்மா! அப்பா, வலைய உட்டுட்டு துடுப்பப் போடுப்பா! ஏங்க, கால எடுக்காதீங்க! எடுக்கவே எடு..."

அந்த இடத்தில் தண்ணீர் பேட்டரியைத் தொட்டது. ஸ்கிரீன் அணைந்தது. ஸ்டாண்ட் சாய்ந்து என் செல்லும் தண்ணீருக்குள் விழுந்தது. ஹாரன் மட்டும் "கவனம்... கவ..." என்று முனகிவிட்டு அடங்கியது.

அப்போது எனக்கு முழுகிப்போவோம் என்ற பயம் வரவில்லை. அவளுக்கு இப்போது ஒன்றுமே தெரியாது என்பதுதான் வந்தது. எங்கேயோ பாலைவனத்தில் ஒரு அறையில், கறுத்துப்போன செல்லைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். அம்மா, அப்பா, புருஷன் மூன்று பேரும் ஒரே படகில். மாமனார் தன் செல்லை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். "வேகமா போடுங்க மாமா," என்று கத்தினேன். மாமனார் துடுப்புப் போட, மாமியார் வாளியால் இறைக்க, நான் ஓட்டையை அடைத்துக்கொண்டு அழுதேன். அதை அவர்கள் ரெண்டு பேரும் நான் பயத்தில் அழுததாகத்தான் இன்றைக்கும் சொல்கிறார்கள்.

பரிசல்காரர்கள் வந்து கயிறு கட்டி இழுத்தார்கள். கரையில் பாதி ஊர் நின்றது. அரசி அதற்குள் ஊரில் தெரிந்தவர்கள் எல்லாருக்கும் போன் போட்டிருந்தாள். தீயணைப்பு வண்டியும் வந்துகொண்டிருந்தது. ஈரக் கையோடு ஒருவரின் செல்லை வாங்கி அவளைக் கூப்பிட்டேன். மணி அடிக்கும் முன்பே எடுத்தாள்.

"எல்லாரும் இருக்கறோம் அரசி."

"மூணு பேருமா?"

"மூணு பேரும்."

திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் அழுதாள். அப்படி அவள் அழுது நான் கேட்டதே இல்லை. பக்கத்தில் இருந்தால் தோளையாவது தொட்டிருப்பேன். யாரோ ஒருத்தர் செல்லைக் காதில் வைத்துக்கொண்டு, ஊர் பார்க்க, சொட்டச் சொட்ட நின்றேன். அழுகை ஓய்ந்து மூக்கை உறிஞ்சிவிட்டுச் சொன்னாள்: "மல தெரிஞ்சிதுங்க. தலகீழா நின்னுகினு இருந்திச்சி. கொஞ்ச நேரம் நல்லாப் பாத்தேன்."

படகை வெல்டிங் பட்டறைக்குக் கொண்டுபோய் ஓட்டையை அடைத்தோம். மிஷின் வந்த அட்டைப் பெட்டியை மாமியார் அடுப்பெரிக்க எடுத்தபோது அடியிலிருந்து ஒரு கிளிப் விழுந்தது. சென்சாரைப் படகின் ஓரத்தில் மாட்டித் தண்ணீரில் தொங்கவிடுவதற்காகவே கொடுத்த கிளிப். ஓட்டையே தேவையில்லை. அதை அவர் பத்திரமாக ஆணியில் மாட்டி வைத்து, வருகிற சொந்தக்காரர்களுக்கெல்லாம் காட்டுகிறார். இப்போது அந்த வீட்டில் என் பெயர் "அடப்பு மாப்ள". கல்யாணப் பந்தியில் யாராவது டம்ளர் ஒழுகுகிறது என்றால், "மாப்ளயக் கூப்டு, கால வெப்பாரு," என்று ஒரு குரல் வராமல் இருக்காது. பரிசல்காரர்கள் கதை வேறு. அவர்கள் என்னைப் பார்த்ததும் முத்தங்கூட, முத்தங்கூட என்று மலை மாதிரி எதிரொலிப்பார்கள்.

போன வருஷம் அரசி லீவில் வந்தாள். அவளை அதே படகில் கூட்டிக்கொண்டு போனேன். ஏறி உட்கார்ந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு, வெல்டிங் வைத்த தழும்பின் மேல் தன் குதிகாலை வைத்துக்கொண்டாள். திரும்பி வரும்வரை எடுக்கவில்லை. லீவு முடிந்து போய்விட்டாள். இன்னும் கொஞ்ச காலம்தான் என்கிறாள். போன தடவையும் அப்படித்தான் சொன்னாள்.

வெள்ளிக்கிழமைகளில் கூப்பிடும்போது ஹலோ எல்லாம் கிடையாது. அவளுடைய முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான். நேற்றும் கேட்டாள்.

"காலு காஞ்சிருக்குதாங்க?"

"காஞ்சிதான் கெடக்குது," என்றேன்.

சிரிக்க ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்திவிட்டாள். அதற்கப்புறம் ரெண்டு பேரும் பேசவில்லை. போனை மட்டும் வைக்காமல் இருந்தோம்.