ஊதினால் கொதிக்கும் சட்டி

சட்டிச் சாமியார் வந்து இறங்கியதிலிருந்து ஊர் மருத்துவருக்கு ஈ ஓட்டுவதே வேலையாகிவிட்டது. பின்னே? அடுப்பில்லாமல், விறகில்லாமல், ஒரு தீக்குச்சிகூட இல்லாமல் சட்டித் தண்ணீரைக் கொதிக்க வைக்கிறாரே. ராசியில்லாதவர் ஊதினால் கொதிக்கும். ராசிக்காரர் ஊதினால் கொதிக்காது. காணிக்கை மட்டும் இருவருக்கும் ஒன்றுதான். அதில் அவர் பாரபட்சம் பார்ப்பதில்லை.

சட்டியைச் சுற்றிய கூட்டத்தில் ரொட்டிக்கடை மருமகளும் நின்றாள். வேடிக்கை பார்க்க அல்ல. அவள் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து கடை அடுப்பு கரும்புகை கக்குகிறது, ரொட்டி உள்ளே மாவாகவே நிற்கிறது. சட்டி கொதித்தால் அவளைப் பிறந்த வீட்டுக்கே அனுப்பிவிடுவதென்று மாமியார் முடிவு கட்டியிருந்தார். புருஷனோ சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

சாமியார் பையிலிருந்து ஒரு வெள்ளைக் கல்லை எடுத்துச் சட்டியில் போட்டுத் தண்ணீர் ஊற்றினார். "ஊதும்மா."

ஊதினாள். சட்டி உஸ்ஸென்று சீறி, தளதளவென்று கொதித்தது. கூட்டம் வாயைப் பிளந்தது.

"பார்த்தியாடா, நான் சொன்னா நம்பலையே," என்றார் மாமியார் மகனிடம். "துணிமணியை எடுத்து வைக்கச் சொல்லு."

மருமகளின் மூக்கில் பழகிய நெடி ஒன்று ஏறியது. பிறந்த வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது வாளியிலிருந்து வரும் அதே நெடி. அழ வந்தவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

கொதி அடங்கியதும் கேட்டாள்: "சாமி, கல்லை மாத்தாம அதே சட்டியில இன்னும் கொஞ்சம் தண்ணி ஊத்துங்க. மறுபடி ஊதறேன்."

"எதுக்கு?"

"என் ராசி எங்கயும் போயிடலையே. நான் இங்கதானே நிக்கிறேன்."

"ஊத்துங்க சாமி," என்றது கூட்டம். வேறு வழியில்லாமல் ஊற்றினார். அவள் கன்னம் உப்ப ஊதினாள். சட்டி செத்த எலி மாதிரி கிடந்தது.

"தோஷம் கழிஞ்சிடுச்சு," என்றார் சாமியார். ஆள் கெட்டிக்காரர்.

"அப்ப நான் நம்ம வீட்டுக்கே போகலாம். வாங்க அத்தை."

"இல்லம்மா, கொஞ்சம் மிச்சம் இருக்கு."

"இருந்தா கொதிக்கணுமே?"

அவள் சாமியாரின் பைக்குள் கையை விட்டு, புதுக் கல் ஒன்றை வேறு சட்டியில் போட்டுத் தண்ணீர் ஊற்றினாள். "அத்தை, இப்ப நீங்க ஊதுங்க."

மாமியார் தன் ராசியின் மேல் அசையாத நம்பிக்கையோடு ஊதினார். சட்டி தளதளவென்று கொதித்தது. மாமியார் அதைவிட அதிகமாகக் கொதித்தார். "யோவ், யாரைப் பார்த்து ராசியில்லாதவங்கற?"

"அவர் கிடக்கட்டும் அத்தை, பூனை ஊதினாலும் இது கொதிக்கும். சுட்ட சுண்ணாம்புக் கல்லு. சூளையில வாங்கி வச்ச சூட்டைத் தண்ணி பட்டதும் கக்கிடும். கக்கி முடிச்சா வெறும் சுண்ணாம்புதான். யாரை ராசிக்காரங்கன்னு சொல்லணுமோ அவங்களுக்கு, ஏற்கெனவே தண்ணி பட்டு நீத்துப்போனதைப் போட்டிருப்பாரு."

சாமியார் பையை அங்கேயே விட்டுவிட்டு ஓட்டம் பிடித்தார். அவரைத் துரத்திய கூட்டத்தின் முன்வரிசையில் மாமியார்.

வீடு திரும்பியதும் புருஷனுக்கு ஒருவழியாக வாய் திறந்தது. "அப்ப நம்ம அடுப்பு ஏன் புகையுது?"

அவள் குனிந்து பார்த்தாள். அடுப்பின் அடியில் காற்று போகும் துளையைச் செங்கல் வைத்துப் பூசியிருந்தது. "இதை யாரு அடைச்சது?"

மாமியார் தொண்டையைச் செருமினார். "கல்யாணச் செலவு கையைக் கடிச்சுது. சூடு வெளிய போகாம இருந்தா விறகு மிச்சமாகும்னு நான்தான்..."

"காத்தே போகலைன்னா விறகு எப்படி முழுசா எரியும் அத்தை? அரைகுறையா எரிஞ்சு மிச்சம் கரும்புகையா வருது. மிச்சம் பிடிச்ச விறகெல்லாம் கூரைக்கு மேலதான் போயிருக்கு."

செங்கல்லை மாமியாரே பெயர்த்தார். தீ குப்பென்று எழுந்தது. மறுநாள் ரொட்டி உள்ளேயும் வெளியேயும் பதமாக வெந்தது. வாங்க வந்தவர்களிடமெல்லாம் மாமியார் பூரித்துப்போய்ச் சொன்னார்: "எல்லாம் என் மருமக வந்த ராசி."

ராசியுமில்லை, பூசணிக்காயுமில்லை அம்மணி; காற்று வந்தது, அவ்வளவுதான். அடுப்பின் துளையை அடைத்தால் ரொட்டிதான் கெடும். அறிவின் துளையை அடைத்தால் வந்தவளின் வாழ்வே கெடும். உங்கள் வீட்டில் எது அடைத்துக் கிடக்கிறதென்று ஒருதரம் குனிந்து பாருங்கள்.