இடது கைக்கு ஒரு துப்பாக்கி

"உறை எனக்கு இடது இடுப்புல மாட்டுற மாதிரி வேணும்" என்றார் மெய்க்காவலர்.

ஆயுத அறைக்காரர் துடைத்துக்கொண்டிருந்த துப்பாக்கிக் குழலைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். "இடதா அண்ணே?"

"ஆமா. இந்த வயசுல புதுசா ஒண்ணு பழகிப் பாப்போமேன்னுதான்."

இதற்கு மேல் சரமாரியாகக் கேள்விகள் வரும் என்று எதிர்பார்த்து, அத்தனைக்கும் பொய்களைத் தயாரித்துக்கொண்டு வந்திருந்தார் காவலர். ஆயுத அறைக்காரரோ தலையை மட்டும் ஆட்டிவிட்டு, இழுப்பறையில் இடது பக்க உறையைத் தேடத் தொடங்கினார். விழுந்து விழுந்து படித்த பாடத்திலிருந்து ஒரு கேள்வியும் வராத மாணவனைப் போலக் காவலருக்குச் சற்று ஏமாற்றமாகக்கூட இருந்தது.

காவல் நிறுவனம் பழைய ரிவால்வர்களைத் திரும்ப வாங்கிக்கொண்டிருந்தது. அவற்றுக்கு உதிரி பாகங்கள் கிடைப்பதில்லையாம். ஒவ்வொருவரும் தமக்குப் பொருந்தும் பிஸ்டல் ஒன்றைத் தேர்ந்தெடுத்துச் சுட்டுப் பழகிக்கொள்ள வேண்டும். மற்ற காவலர்கள் கடையில் செருப்பு மாட்டிப் பார்ப்பதுபோல ஒன்றிரண்டைக் கையில் பிடித்துப் பார்த்து, எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். இவருக்குத்தான் சிக்கல்.

அவருடைய பொறுப்பில் இருந்தவர் ஒரு நூற்பாலையின் முதலாளி. முன்னொரு காலத்தில் ஏதோ தகராறில் கத்திக்குத்து வாங்கியவர். அன்றிலிருந்து இருவரையும் யாரும் தனித்தனியாகப் பார்த்ததில்லை. ஆலையில் முதலாளியைப் 'பெரியவர்' என்றும், காவலரை 'நிழல்' என்றும் அழைத்தார்கள். ஆள் நின்றால் நிற்பதும் நடந்தால் நடப்பதுமாக வாழ்ந்துவிட்ட அந்த நிழலுக்கு, இப்போது தன் ஆளைப் பற்றிய கவலை வந்துவிட்டது. நிழல்களுக்கு வரக்கூடாத நோய் அது.

காவல் தொழிலின் முதல் பாடம், துப்பாக்கிக் கை எப்போதும் காலியாக இருக்க வேண்டும் என்பது. அந்தக் கையில் குடை பிடிக்கக் கூடாது. பை தூக்கக் கூடாது. கதவைத் திறப்பதும் மற்றக் கையால்தான். சில மாதங்களாகப் பெரியவர் பிடித்துக்கொண்டு நடந்தது அந்த வலது கையைத்தான். காரிலிருந்து இறங்கியதும் வந்து பிடித்துக்கொள்வார். தம் அறைக்குள் போய் நாற்காலியில் உட்காரும்வரை விடமாட்டார்.

காவலர் ஒரு நாள் மெல்லப் பக்கம் மாறி நின்று பார்த்தார். பெரியவர் சுற்றிக்கொண்டு வந்து மறுபடியும் அதே வலது கையைப் பிடித்தார். பார்வை மங்கியவர்களுக்குப் பழகிய பக்கம்தான் தைரியம் போலிருக்கிறது என்று காவலர் தமக்குத்தாமே விளக்கம் சொல்லிக்கொண்டார்.

ஆம், பெரியவருக்குக் கண் போய்க்கொண்டிருந்தது. அதற்கு வேறு சாட்சிகளும் இருந்தன. படிக்கட்டை நெருங்கும்போதெல்லாம், "படி வருதுப்பா" என்று முணுமுணுப்பார். தாமே தமக்குச் சொல்லிக்கொள்வது போல. தாழ்வாரத்து விளக்குகள் பகலிலும் எரிய வேண்டும் என்று உத்தரவு போட்டிருந்தார். காவலர் தேநீர்க் கோப்பையை நீட்டினால் வாங்குவதில்லை. "மேசையில வச்சிடு" என்பார். பழைய வேக நடையும் போய்விட்டது. இருவரும் இப்போது சின்னச் சின்ன அடியாக வைத்து நடந்தார்கள்.

காவலர் இதை யாரிடமும் சொல்லவில்லை, பெரியவரிடம்கூட. மனைவி இறந்த பிறகு பெரியவருக்கு மிஞ்சியிருந்தது அந்த ஆலையும் அந்த நாற்காலியும்தான். நிர்வாகத்தைப் பார்த்துக்கொண்ட மகன், எல்லோரும் 'சின்னவர்' என்று சொல்லும் பிள்ளை, கெட்டவர் அல்லர், ஆனால் கறார். உடம்பு ஒத்துழைக்காதவர் யாராக இருந்தாலும், தன் அப்பாவே ஆனாலும், ஒதுங்கிக்கொள்வதுதான் மரியாதை என்று ஒரு கூட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும் சொல்லியிருந்தார். கண் விஷயம் அவருக்குத் தெரிந்தால் பெரியவர் மறுநாளே வீட்டில் முடங்க வேண்டியதுதான்.

ஆகவே வலது கை பெரியவருக்கு, இடது கை துப்பாக்கிக்கு என்று காவலர் பங்கு பிரித்துவிட்டார். பெரியவர் கையைப் பிடித்திருப்பது உதவிக்காக அல்ல, பாசத்தினால் என்று பார்ப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும்.

முதலில் அவர் தேர்ந்தெடுத்தது உள்ளங்கைக்குள் அடங்கும் சிறிய பிஸ்டல். இடது கைக்குப் பாரம் தெரியாது என்பது அவர் எண்ணம். சிறிய துப்பாக்கி பெரிதாக உதைக்கும் என்பதை அவருடைய மணிக்கட்டு அன்றே கற்றுக்கொண்டது. போதாததற்கு, பிஸ்டல்கள் எல்லாம் வலது கைக்காரர்களை நினைத்துச் செய்யப்பட்டவை. சுட்ட தோட்டாவின் கூடு வலப்பக்கமாகத் தெறிக்கும். இடது கையால் சுட்டபோது அது அவர் மூக்குக்கு முன்னால் பறந்து, திறந்திருந்த சட்டைக் கழுத்துக்குள் சூடாக இறங்கியது. பயிற்சிக் கூடத்தில் அவர் ஆடிய ஆட்டத்தைப் பார்த்த இளம் காவலர்கள், நிழலுக்குச் சாமி வந்துவிட்டது என்று பேசிக்கொண்டார்கள்.

அடுத்து, உதை குறையட்டும் என்று கனமான பிஸ்டலை எடுத்தார். உதை குறைந்தது, ஆனால் கோட்டு இடப்பக்கமாகச் சரிந்து, சாய்ந்த கோபுரம் ஒன்று நடந்து போவது போல ஆனார். வீட்டில் மனைவி அவரைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாள்.

"ஒரு பக்கம் இழுக்குதுங்க. மறுபக்கமும் பாரம் வச்சாத்தான் சரியா நிக்கும்."

வலப்பக்க ஓரத்துக்குள் மீன்பிடி வலையின் ஈயக் குண்டுகளை வைத்துத் தைத்துக் கொடுத்தாள். கோட்டு நேராகத் தொங்கியது. ஆனால், நடக்கும்போது அந்த ஈயம் ஊசல்போல ஆடிப் போய்ப் பெரியவரின் முழங்காலைத் தட்டியது.

"ஏம்ப்பா, என்னை அடிக்கிறதுக்கு வெளியில ஆளே கிடைக்கலையா?" என்றார் பெரியவர். ஆனாலும் கையை விடவில்லை.

ஈயத்தைப் பிரித்தாயிற்று. கோட்டு சரிவது தெரியாமலிருக்க, காவலர் இடது முழங்கையைத் துப்பாக்கியோடு சேர்த்து அழுத்தியபடி நடந்தார். அதுதான் பெரிய வினையாக முடிந்தது. பிடிக்குள் செருகிய தோட்டாப் பெட்டியை விடுவிக்கும் பொத்தான் வலது கட்டைவிரலுக்கு எட்டட்டும் என்று துப்பாக்கியின் இடது முகத்தில் இருப்பது வழக்கம். வலது இடுப்பில் மாட்டினால் அது உடம்போடு ஒட்டிப் பத்திரமாக இருக்கும். இடது இடுப்பிலோ வெளியே பார்த்துக்கொண்டு, அழுத்துவார் யாராவது கிடைப்பாரா என்று காத்திருக்கும்.

ஒரு காலையில், பங்குதாரர்கள் வரிசையாக நின்று பெரியவரை வரவேற்கும் நேரத்தில், காவலரின் முழங்கை அதை அழுத்திவிட்டது. தோட்டாப் பெட்டி நழுவி, பளிங்குத் தரையில் வழுக்கிக்கொண்டே போய், சின்னவரின் காலணியில் முட்டி நின்றது.

சின்னவர் குனிந்து எடுத்தார். காவலரிடம் கொடுத்தார். பெரியவர் இல்லாத நேரமாகப் பார்த்துப் பிறகு கூப்பிட்டனுப்பினார். பள்ளிக்கூடம் போகிற நாளிலிருந்து அவர் காவலரை 'மாமா' என்றுதான் அழைப்பார்.

"மாமா, எதுக்கு இடது பக்கம்? வலது கைக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல தம்பி. சும்மா ஒரு மாறுதலுக்கு."

"துப்பாக்கியில என்ன மாமா மாறுதல்?"

நாளைக்குத் தன் முன்னால் சுட்டுக் காட்ட வேண்டும் என்று சின்னவர் சொல்லிவிட்டார். தவறினால் வேறு ஆள்.

காவலர் அன்று முழுவதும் அந்த வேறு ஆளைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தார். அவன் இளைஞனாக இருப்பான். சட்டப்படி நடப்பான். பெரியவர் கையைப் பிடிக்க வந்தால், 'மன்னிக்கணும் ஐயா, இது துப்பாக்கிக் கை' என்று பணிவாக விலகிக்கொள்வான். பெரியவர் பிடிமானமில்லாமல் தாழ்வாரத்தின் நடுவில் நிற்பார். அடுத்த படியில் தடுமாறுவார். அத்தோடு எல்லாம் வெளியே வந்துவிடும். தம் வேலை போவதைவிட இந்தக் காட்சியைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

மறுநாள், பெரியவர் சாப்பிட்டுக் கண்ணயர்ந்த நேரத்தில் தேர்வு நடந்தது. காவலர் வலது கையை முதுகுப்பக்கம் இடுப்பு வாரில் செருகிக்கொண்டார். அந்தக் கையை யாரோ பிடித்திருப்பதாகவே பாவித்துத்தான் அவர் பழகியிருந்தார். இடது கையால் சுட்டார். குண்டுகளில் பாதி இலக்கு அட்டையின் ஓரத்தைக் கிழித்தன. மற்றவை பின்னாலிருந்த மண்மேட்டில் புதைந்தன.

சின்னவர் கிட்டே வந்தார். அவர் குரலில் கறார் இல்லை.

"மாமா, ஒரே ஒரு தடவை வலது கையால சுடுங்க. உங்க குறி எனக்குத் தெரியாதா? அட்டையில பட்டாப் போதும், நான் எதுவும் கேக்க மாட்டேன்."

சுட்டிருக்கலாம். வலது கை குறி தவறாது என்பதில் காவலருக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் இவ்வளவு நல்ல கையை ஏன் ஒதுக்கி வைத்தீர்கள் என்று ஊரே கேட்குமே. அதற்கு ஒரே பதில்தான் உண்டு. அதைச் சொல்லும் உரிமை தமக்கு இல்லை என்று அவர் நினைத்தார்.

"இனிமே இதுதான் தம்பி என் துப்பாக்கிக் கை."

சின்னவர் போய்க் கிழிந்த அட்டையைக் கழற்றி மடித்துக்கொண்டார். பிறகு, புது ஆளுக்குச் சொல்லிவிடுவதாகவும், அப்பாவிடம் பக்குவமாகத் தானே பேசிக்கொள்வதாகவும் சொல்லிவிட்டுப் போனார்.

காவலர் ஆயுத அறைக்கு வந்து பிஸ்டலையும் உறையையும் மேசைமேல் வைத்தார். ஆயுத அறைக்காரர் எடுத்து உள்ளே வைக்கவில்லை. நாற்காலியை நகர்த்திப் போட்டார். காவலர் உட்காரவில்லை.

"தம்பி, புதுசா வர்றவனுக்குத் துப்பாக்கி நீதானே கொடுப்ப? அவன் இடது கைக்காரனா இருந்தா நல்லது. அப்படி ஆள் கிடைக்கலேன்னா, இடது பக்கம் மாட்டியே பழகச் சொல்லு. எனக்காக இதை மட்டும் பாத்துக்க."

"ஏன் அண்ணே?"

இத்தனை மாதமாகப் பூட்டி வைத்திருந்ததைக் காவலர் முதன்முறையாக வாய்விட்டுச் சொன்னார். பெரியவருக்குக் கண் தெரிவதில்லை என்றார். தம் வலது கையைப் பிடித்துக்கொண்டுதான் அவரால் நடக்க முடிகிறது என்றார். படி வந்தால் முன்கூட்டியே சொல்ல வேண்டும், அவசரப்படுத்தக் கூடாது, தாமாக விடும்வரை கையை உருவிக்கொள்ளக் கூடாது என்றெல்லாம், குழந்தையைப் பள்ளியில் விட்டுப் போகும் தகப்பன்போலச் சொல்லிக்கொண்டே போனார்.

ஆயுத அறைக்காரர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு பெரியவர் சத்தியம் வாங்கியிருக்காரு. நீங்களா வந்து இடது பக்கம் கேட்டதும், உங்களுக்கே தெரிஞ்சுபோச்சுன்னுதான் நான் ஒண்ணும் கேக்கல."

"என்ன தெரிஞ்சுபோச்சு?"

"கை நடுங்குற ஆளுக்கு எந்தத் துப்பாக்கி சரிப்படும்னு ஐயா போன மாசமே உங்களுக்குத் தெரியாம இங்க வந்து கேட்டுட்டுப் போனாருண்ணே, அவர் கண்ணுக்கு ஒரு குறையும் இல்ல, நடக்கறப்ப உங்க வலது கை ஆடுறது சின்னவர் கண்ணுல பட்டுடக் கூடாதுன்னுதான் அதைப் பிடிச்சுக்கிட்டே வர்றாரு."