கடைசி இயல்

"சாதனைகள்" என்ற தலைப்புக்குக் கீழே காகிதம் வெள்ளையாகவே கிடந்தது. தத்துவத் துறையின் எழுத்தர் மூன்று நாளாக அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய வேலை தற்காலிகம். இன்று நாலரைக்குள் பட்டியல் போகாவிட்டால் அந்தத் தற்காலிகமும் இல்லை என்று பதிவாளர் அலுவலகம் பச்சையாகவே சொல்லிவிட்டது.

மூத்த பேராசிரியரைப் பிடித்தாள்.

"சார், இந்த வருஷம் நீங்க என்ன சாதிச்சீங்க?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீங்கன்னு யாரைச் சொல்றீங்க?"

"உங்களைத்தான் சார்."

"அந்த ஆளைத்தாம்மா முப்பது வருஷமா தேடிட்டிருக்கேன். கிடைச்சா சொல்றேன், எழுதிக்குங்க."

துறைத்தலைவரிடம் போனாள். "என் புத்தகம் முடிஞ்ச மாதிரிதான்," என்றார் அவர். "முதல் வரி மட்டும் பாக்கி."

மிஞ்சியது ஒரே ஒரு ஆய்வு மாணவன். பகல் தூக்கத்தைப் பற்றி எட்டு வருஷமாக ஆராய்ந்துகொண்டிருந்தான். துறைக் கூடத்து ஜன்னலோரம், நீளப் பலகையில் எப்போதும் மல்லாந்து கிடப்பான். துறை வைத்த பெயர் தூங்குமூஞ்சி.

எப்படியும் ஒருநாள் கொடுக்கத்தானே போகிறான்? 'ஆய்வேட்டைச் சமர்ப்பித்தார்' என்று தட்டி, அனுப்பிவிட்டாள்.

பத்தே நிமிஷத்தில் பதிவாளர் அலுவலகத்திலிருந்து போன் வந்தது. "ஆய்வேடு எங்கம்மா? நாலரைக்குள்ள இங்க இருக்கணும்."

கூடத்துக்கு ஓடினாள். "தம்பி, இன்னும் எவ்வளவு பாக்கி?"

"கடைசி இயல் மட்டும்தான் அக்கா. பகல் தூக்கம் ஒண்ணு முழுசா வேணும். அமைய மாட்டேங்குது."

"எட்டு வருஷமா தூங்கிட்டுத்தானே இருக்கே?"

"படுத்திருக்கேன் அக்கா," என்றான் அவன், ரொம்ப வருத்தமாக.

விஷயம் தலைவர் காதுக்குப் போனது. "தூங்க வைங்க அவனை!" என்று கத்தினார். கத்தியதற்காக உடனே வாயைப் பொத்திக்கொண்டார்.

பாடவேளை மணியின் நாக்கில் பியூன் துணியைச் சுற்றினார். பச்சைத் திரைகளை இழுத்துவிட்டார்கள். கூடம் குளத்தின் அடிப்பக்கம் போல ஆயிற்று. எல்லோரும் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தார்கள். காவலுக்குத் தலைவரே நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

அப்படியும் அவன் கண் திறந்தே இருந்தது.

"நான் கொஞ்சம் பாடம் எடுக்கட்டுமா?" என்றார் மூத்த பேராசிரியர், அடக்கமாக. அதன் வலிமை துறைக்கே தெரியும்.

'இருத்தல்' என்று தொடங்கினார். ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவே மின்விசிறி நாலு சுற்று சுற்றியது. தலைவரின் தாடை மார்பில் இறங்கியது. பாடம் என்றதும் வந்து நின்ற இரண்டாம் ஆண்டு மாணவர்கள் ஒவ்வொருவராகச் சுவரில் சாய்ந்தார்கள். கடைசியில் தன் பாடத்தில் தானே மாட்டிக்கொண்டு பேராசிரியரும் பாதி வாக்கியத்தில் நின்றுபோனார்.

அஞ்சே நிமிஷம் என்று எழுத்தரும் கண்ணை மூடினாள். வெள்ளைக் காகிதத்தின் மேல் எழுத்துகள் எறும்புகளாக ஊர்ந்து வந்தன. வரிசை கட்டின. என்ன எழுதியிருக்கிறது என்று குனிந்தால் கலைந்தன. அவளுக்கு அவசரமே இல்லை. வேலை, நாலரை, பதிவாளர் எல்லாம் தண்ணீருக்கு மேலே எங்கோ மிதந்துகொண்டிருந்தன.

விழித்தபோது மணி ஐந்து.

பலகை காலியாக இருந்தது. மேஜை மேல் கயிறு கட்டிக் கிடந்த ஆய்வேட்டையும் காணவில்லை.

"போச்சு! ஓடிட்டான்!" என்று அலறினாள். தலைவர் திடுக்கிட்டு எழுந்து, "முதல் வரி வந்துடுச்சு!" என்றார். உடனே அதை மறந்தும்விட்டார்.

"அண்ணே, அவன் தூங்கி எழுந்து எங்க போனான்?" பியூனிடம் ஓடினாள். "என் வேலையே போச்சு அண்ணே!"

மணியிலிருந்து துணியை அவிழ்த்துக்கொண்டிருந்த பியூன் திரும்பிப் பார்த்தார்.

"அவரு எங்கம்மா தூங்கினாரு? நீங்க அத்தனை பேரும் தூங்கினதைச் சுத்திச் சுத்திப் பார்த்து எழுதி முடிச்சாரு, நாலேகாலுக்கே நான்தான் கொண்டுபோய்க் குடுத்தேன். உங்க குறட்டைக்கு மட்டும் தனியா ரெண்டு பக்கமாம்!"