ஒன்று, இரண்டு, பிறகு நிமிரவும்

ஹோல்ட்ஹாவுசென்,
சனிக்கிழமை முற்பகல்.

அன்பும் மதிப்பும் மிக்க அக்கா கெஸினேவுக்கு உன் தம்பி ஏவால்ட் எழுதிக்கொள்வது. பிரேமனில் நீயும் அத்தானும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அத்தானின் முழங்காலை விசாரிப்பது முறை, விசாரித்துவிட்டேன். என் சௌக்கியம் புதன்கிழமை சாயங்காலம் ஆறே காலோடு முடிந்துபோயிற்று. உங்கள் வீட்டு நிலவறையில், உருளைக்கிழங்கு மூட்டைகளுக்குப் பக்கத்தில் ஒரு கட்டில் போட இடம் இருக்குமா? நான் ஒரு மனிதரைக் கொன்றுவிட்டேன் என்று நினைக்கிறேன்.

முதலிலிருந்து சொல்கிறேன், பதறாதே, பதறுவதற்கு நான் ஒருவன் போதும். எங்கள் டென்னிஸ் கிளப்பின் தலைவர் லூடர்ஸை உனக்குத் தெரியும், மாட்டு வைத்தியராக இருந்து ஓய்வு பெற்றவர், முப்பத்தொரு வருஷமாக கிளப் போட்டியில் என்னைத் தோற்கடித்துவருபவர். இந்த வருஷமாவது ஒரு தடவை ஜெயித்துவிட்டுச் சாகலாம் என்று, கிளப்புக்குப் புதிதாக வந்திருக்கும் பயிற்சியாளர் யிட்காவிடம் போனேன். செக் நாட்டுப் பெண், முகத்துக்கு நேரே சொல்லிவிடுவாள். பத்துப் பந்து பார்த்தாள். "அடிச்ச உடனே தலையத் தூக்குறீங்க. தலை தூக்குனா தோளும் தூக்குது, பந்து வேலியத் தாண்டிப் போவுது. மட்டை பந்தத் தொட்ட இடத்தையே பாருங்க. மனசுக்குள்ள ஒண்ணு, ரெண்டு எண்ணுங்க. அப்புறம் நிமிருங்க" என்றாள். பந்து எங்கே போயிற்று என்று பார்க்க வேண்டாமா என்று கேட்டேன். "நீங்க பாத்தா மட்டும் போன பந்து திரும்பி வருமா?" என்றாள்.

அன்றிலிருந்து வீட்டிலும் பயிற்சிதான். சாப்பாட்டு மேஜையில் தட்டிலிருக்கும் ஒரே உருளைக்கிழங்கைத் தலை அசைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். உன் தம்பி மனைவி ரெனாட்டே கூப்பிட்டால் கழுத்தைத் திருப்பாமல் பதில் சொன்னேன். அவள் என் கழுத்து பிடித்துக்கொண்டது என்று முடிவுகட்டி, இரண்டு வாரம் குதிரைக்குத் தேய்க்கும் தைலத்தைத் தேய்த்தாள். நான் உண்மையைச் சொன்னதும் தைல டப்பாவை மூடிவைத்துவிட்டு, "சிலையோட குடும்பம் நடத்துறதுக்கு நான் கடலையாவது பாத்துட்டு வரேன்" என்று, டாக்டர் எழுதிக்கொடுத்த மூன்று வார ஓய்வுக்கு வடகடல் பக்கம் கிளம்பிவிட்டாள். அதனால்தான் அக்கா, இந்த வீட்டில் என்னோடு இப்போது யாருமே இல்லை.

புதன்கிழமை இறுதி ஆட்டம். நடுவர் கிடையாது, வழக்கம்போல அவரவர் பக்கத்துப் பந்தை அவரவரே பார்த்துச் சொல்வது. யிட்கா சொன்னபடி செய்தேன், பந்து கம்பி கட்டி இழுத்ததுபோல் போயிற்று. போயிற்று என்று மற்றவர்கள் சொன்னார்கள், நான் எங்கே பார்த்தேன்? மூன்றாவது செட், இன்னும் ஒரு புள்ளி எடுத்தால் எனக்கு வெற்றி. பந்து வந்தது, முழு பலத்தையும் கொடுத்து அடித்தேன், தலையைக் குனிந்தபடியே ஒன்று, இரண்டு எண்ணினேன். ஒரு சத்தமும் இல்லை. நிமிர்ந்து பார்த்தால் லூடர்ஸ் கோட்டோரத்தில் முட்டி போட்டுக் கிடக்கிறார், தலை மண்ணைத் தொடுகிறது, ஒரு கை நெஞ்சில். போன வருஷம்தான் அந்த நெஞ்சுக்குள் இதயத் துடிப்புக் கருவி வைத்தார்கள், கெஸினே! ஓரத்தில் கேக் தின்றபடி ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து ஓடி வந்தார்கள். உதவிக்கு ஓட வேண்டிய நான் பின்வாசல் வழியாக ஓடினேன். வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் உனக்குப் பொய் எழுத மாட்டேன். சைக்கிளில் பாதி தூரம் வரும்போதே ஆம்புலன்ஸ் ஊதுகிற சத்தம் கேட்டது.

மூன்று நாளாகத் திரைச்சீலையைத் திறக்கவில்லை. தொலைபேசி பதின்மூன்று தடவை அடித்தது, எடுக்கவில்லை. மாடித் திரைச்சீலை இடுக்கு வழியாகத் தொலைநோக்கியில் பார்த்தால் கிளப் கொடி பாதிக் கம்பத்தில் நிற்கிறது. அதன் கயிறு அடிக்கடி சிக்கிக்கொள்ளும் என்பது உண்மைதான், ஆனால் இந்த வாரம் பார்த்தா சிக்க வேண்டும்? வியாழனன்று அதே தொலைநோக்கியில் பார்த்தேன், ரொட்டிக் கடை வாசலில் திருமதி லூடர்ஸ் கறுப்பு உடையில் நின்றார். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பாய். நேற்று கிளப் முத்திரையோடு ஒரு உறை வந்ததே, அதற்கு என்ன சொல்வாய்? பிரிக்கக் கை வரவில்லை. பள்ளிக்கூடத்துப் பரீட்சை முடிவைக்கூட நீதானே போய்ப் பார்த்துவந்து சொன்னாய். அதனால் அந்த உறையை அப்படியே இதோடு வைத்து அனுப்புகிறேன். நீ படித்துவிட்டு, முடிந்தவரை மெதுவாக எனக்குச் சொல். மட்டைகளை இருட்டிய பிறகு கொண்டுபோய்த் தேவாலயத்துப் பழைய சாமான் பெட்டியில் போட்டுவிட்டேன். இனி தொட மாட்டேன். இந்தக் கடிதத்தை அடுப்பில் போட்டுவிடு.

அத்தானுக்கு என் வணக்கம். குழந்தைகளுக்கு என் ஆசீர்வாதம், ஒரு குற்றவாளியின் ஆசீர்வாதம் பலிக்குமானால்.

உன் பாவப்பட்ட தம்பி,
ஏவால்ட்

பின்குறிப்பு: இரண்டு கடிதமும் சேர்ந்து ஒரு தபால்தலைக்கு மேல் கனத்தது. வீட்டில் இருந்தது ஒன்றுதான். கனத்தைக் குறைக்க வேறு வழியில்லாமல் உறையைப் பிரித்தேன். லூடர்ஸே தன் கைப்பட எழுதியிருக்கிறார்:

"மதிப்பிற்குரிய ஏவால்ட், உங்கள் கடைசிப் பந்து மண்ணில் பதித்த தடத்தை முட்டி போட்டுப் பார்த்தேன். கால்வாசி விரல் அகலத்துக்குக் கோட்டில் பட்டிருக்கிறது. ஆட்டம் உங்களுடையது. கை கொடுக்க எழுந்தால் உங்களைக் காணோம். இந்தக் கிளப்பில் இதுவரை யாரும் கை கொடுக்காமலும், ஆடி முடித்த மண்ணைச் சமன்படுத்தாமலும் போனதில்லை. தடத்தின் மேல் வாளியைக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். நீங்கள் வந்து உங்கள் கண்ணால் பார்க்கும்வரை அந்தக் கோர்ட்டில் யாரும் ஆட முடியாது. உறுப்பினர்கள் கொதிக்கிறார்கள். தொலைபேசியை எடுக்கவும்."

அக்கா, கட்டில் வேண்டாம். அந்த ஆம்புலன்ஸ் வேறு யாருக்கோ ஊதியிருக்கிறது. கடிதத்தை எரிக்காதே. முப்பத்தொரு வருஷத்துக்குப் பிறகு ஜெயித்திருக்கிறேன், அந்த ஜெயம் மூன்று நாளாக ஒரு வாளிக்கு அடியில் கிடக்கிறது. இப்போதே போகிறேன், மட்டைகளையும் வழியில் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். ஆனால் ஒன்று. லூடர்ஸுக்கு இரண்டு கண்ணிலும் புரை, அறுவைச் சிகிச்சையைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வருகிறார். தடம் கோட்டுக்கு வெளியே இருந்தால் அதை நான்தான் சொல்ல வேண்டும், வேறு யாரும் சொல்ல மாட்டார்கள். நீ பக்கத்தில் இருந்தால் உன்னைப் பார்த்துச் சொல்லச் சொல்வேன். நீ இல்லை. நானே வாளியைத் தூக்கி, தலையை ஆட்டாமல் பார்க்கப் போகிறேன்.