மதில் நகரமும் எங்கள் நோட்டீஸ் போர்டும்

முடிச்சூர்,
செவ்வாய்.

கர்த்தருக்குள் பிரியமான எலியேசர் அண்ணனுக்கு,

தங்கை ஞானஜோதியின் ஸ்தோத்திரம். இங்கே அனைவரும் சுகம். அண்ணியின் முழங்கால் எப்படி இருக்கிறது என்று எழுதவும்.

ஜெரூஷாவின் பிறந்தநாளுக்கு நீங்கள் அனுப்பிய நாவல் பயங்கரக் கதையா, நல்லொழுக்கக் கதையா? இலக்கியம் படித்து, அதையே கல்லூரியில் பாடமும் நடத்தும் எனக்கு இதற்குப் பதில் தெரியவில்லை. போனில் கேட்டால் நீங்கள் சிரித்தே முடித்துவிடுவீர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

கதை உங்களுக்குத் தெரியும். மதில் சூழ்ந்த ஒரு நகரம். மாலை மணி அடித்ததும் பெண்கள் எல்லோரும் வீட்டுக்குள் போய்விட வேண்டும், சத்தமாகச் சிரிக்கக் கூடாது, யாருக்கும் கதவைத் திறக்கக் கூடாது. ஜெரூஷா ஒரே மூச்சில் படித்துவிட்டு, எதிர் வீட்டு அனுப்பிரியாவிடம் கொடுத்தாள். அனுப்பிரியா எங்கள் அப்பார்ட்மெண்ட் செகரட்டரி சம்பந்தம் சாரின் பேத்தி. இந்தக் கட்டடம் நிற்கும் இடம் ஒரு காலத்தில் அவர் நெல் விளைத்த நிலம் என்பதால், நாங்கள் எல்லோரும் இன்னும் அவர் வயலில் நிற்கும் பயிர் என்றே அவருக்கு எண்ணம். பேத்தி சாப்பிடும்போதும் படிப்பதைப் பார்த்துப் புத்தகத்தைப் பிடுங்கி, என்ன விஷயம் என்று தானே படிக்க உட்கார்ந்தார். இரண்டு நாள் கழித்துத் திருப்பிக் கொடுக்க வந்தார். சண்டைக்குத் தயாராக நின்றேன்.

"நான்கூட என்னமோ ஏதோன்னு நெனச்சேன் மேடம். அருமையான புக்கு! மணி அடிச்சா ஒரு பொண்ணு வெளியில கெடையாது. என்னா ஒழுங்கு!"

"சார், அது கொடுமையான ஊர். அதைத்தான் கதை எழுதின அம்மா சொல்றாங்க."

"கொடுமையான ஊர்னா ரோடு ஏன் மேடம் அவ்ளோ சுத்தமா இருக்கு? மழைத்தண்ணி எங்கியாவது நிக்குதா சொல்லுங்க?"

ஒரு மழைக்கே தெருவெல்லாம் குளமாகும் முடிச்சூரில் குடியிருந்துகொண்டு இதற்கு என்ன சொல்வது? "முழுசும் படிச்சீங்களா?" என்றேன். "பாதி வரைக்கும். அதுக்கு மேல ஏதோ கலாட்டா வருது. நமக்கு எதுக்குன்னு வுட்டுட்டேன்."

மறுநாள் காலை நோட்டீஸ் போர்டில் சட்டங்கள் ஏறிவிட்டன, அவர் கையெழுத்தோடு. மணிக்குப் பதில் வாட்ச்மேன் குப்புராஜின் விசில், மற்றபடி வரிக்கு வரி உங்கள் மதில் நகரம். ஆறு மணி விசிலோடு பெண்பிள்ளைகள் ஷட்டில் கோர்ட்டை விட்டுப் போய்விட வேண்டும். அதற்குப் பிறகு வீட்டுப் பெண்கள் யாருக்கும் கதவைத் திறக்கக் கூடாது. பையன்கள் ஒன்பது வரை ஆடலாம். குப்புராஜிடம் கேட்டால், "நான் இன்னா மேடம் பண்றது, ஊதச் சொன்னாங்கோ, ஊதிகினு கீறேன்" என்கிறார். சனிக்கிழமை ஜெரூஷாவும் அனுப்பிரியாவும் பள்ளிக்காக இரட்டையர் ஆட்டம் ஆடப் போகிறார்கள். ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து வீடு வந்து சேர்வதற்குள் ஆறடித்துவிடுகிறது. மூன்று நாளாகப் பிராக்டிஸ் இல்லை. பிள்ளை முகத்தைப் பார்க்க முடியவில்லை, அண்ணா.

"நீ போய்க் கேளும்மா" என்றாள் மகள். நான் போய்க் கேட்கிற ஆளில்லை என்று உங்களுக்கே தெரியும். பரீட்சை வரட்டும், தானாகச் சரியாகும் என்றேன்.

"கதையில வர்ற அம்மாவும் இதையேதான் சொல்லுவா" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

இதில் நான் தலையிடுவதாக இல்லை. உங்களிடம் ஒரே விண்ணப்பம்: இனி இந்த வகைப் புத்தகம் அனுப்ப வேண்டாம். சமையல் புத்தகம் அனுப்புங்கள், சட்டம் போட அதில் ஒன்றும் இருக்காது. அண்ணிக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு முத்தம். கர்த்தர் உங்கள் போக்கையும் வரத்தையும் காப்பாராக.

அன்புத் தங்கை,
ஞானஜோதி

பி.கு.: கடிதத்தை நேற்றுத் தபாலில் போடவில்லை. நல்லதாயிற்று, இன்று நடந்ததையும் எழுதிவிடுகிறேன். காலையில் கீரை வண்டியருகே சம்பந்தம் சாரின் மனைவி கிளியம்மாள் அக்கா, "கண்ணாடி எடுத்தாரல ஜோதி. இன்னா எழுதிக்கீறாரு, படி" என்றார். படித்தேன். கதவு பற்றிய சட்டத்தை மட்டும் கொஞ்சம் நிறுத்தி, இரண்டு தடவை படித்திருக்கலாம். "யாருக்குமேவா?" என்றார். "யாருக்குமே, அக்கா. அப்படித்தான் போட்டிருக்கு" என்றேன். இரண்டு கட்டு முளைக்கீரை வாங்கிக்கொண்டு போய்விட்டார். போகிற வழியில் எத்தனை வீட்டில் நின்றாரோ தெரியாது.

மாலை விசில் ஊதியது. ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து வந்த பெண்பிள்ளைகள் இருவரும் ஒழுங்காக மேலே வந்து பெல் அடித்தார்கள். எந்தக் கதவும் திறக்கவில்லை, என்னுடையது உட்பட. கீழே இறங்கிக் கோர்ட்டுக்கே ஆடப் போனார்கள். வேறு எங்கே போவார்கள்? வாக்கிங் முடிந்து வந்த சம்பந்தம் சார் தன் வீட்டுக் கதவைத் தட்டினார். "யாரு?" "நான்தான்டி!" "யாரா இருந்தாலும் தொறக்கக் கூடாதாம். கீழ உங்க கையெழுத்து கீதாமே!" கதவுத் துளை வழியாக நான் பார்த்துக்கொண்டிருந்தேன். மின்சார ரயிலில் வந்திறங்கிய ஆண்கள் வரிசையாகப் படிகளில். அவர்களில் உங்கள் மாப்பிள்ளையும் ஆபீஸ் பையோடு. கடைசியில் செகரட்டரியே போய் நோட்டீஸைக் கிழித்தார். கதவுகள் திறந்தன. அவர் மட்டும் மேலே வரவில்லை. டிபன் ஆறுகிறது என்று கிளியம்மாள் அக்கா பால்கனியிலிருந்து கூப்பிட்டார்.

"இரு கிளி," என்று கோர்ட் ஓரத்து நாற்காலியிலிருந்து பதில் வந்தது, "மேட்ச் பாயிண்ட்!"

அந்த நாவலுக்கு இரண்டாம் பாகம் உண்டா? இரண்டு பிரதி அனுப்பவும்.